ஒரே 37,000 ரூபாய், மூன்று விதமான பணம்: பாதுகாப்பு ஆராய்ச்சிக்கு வரும் மாணவர் எதைப் பிடிக்கலாம்?

எம்.இ. ஏரோநாட்டிக்கல் முடித்த ஒரு பெண் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். கையில் இரண்டு வாய்ப்பு. படித்த கல்லூரியிலேயே ஒரு பேராசிரியருக்கு டி.ஆர்.டி.ஓ. (மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு) புராஜெக்ட் கிடைத்திருக்கிறது, அதில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளர் இடம். இன்னொன்று, பெங்களூரில் டி.ஆர்.டி.ஓ. ஆய்வகத்திலேயே ஜே.ஆர்.எஃப். இரண்டுக்கும் மாதம் 37,000 ரூபாய், கூடவே வீட்டு வாடகைப்படி. "ரெண்டும் ஒரே ஸ்டைபண்டுதானே அண்ணா, எதுல சேர்ந்தா என்ன?" என்று கேட்டார்.

தொகை ஒன்றுதான். 2023 ஜனவரி முதல் மத்திய அரசு நிதியில் ஜே.ஆர்.எஃப்.க்கு 37,000, இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆகும்போது 42,000 என்று ஒரே அளவாக ஆக்கிவிட்டார்கள். அதனாலேயே மாணவர்கள் ஏமாந்துபோகிறார்கள். தொகையை ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அந்தப் பணம் யார் பெயரில் வருகிறது, எத்தனை மாதம் வரும், அதில் செய்த வேலையை வெளியே சொல்ல முடியுமா என்று பார்த்தால்தான் தெரியும். அந்தப் பெண்ணிடம் போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

முதலில் புராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். டி.ஆர்.டி.ஓ. பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சி நிதி கொடுப்பது புதிதல்ல. விமானவியலுக்கான ஏ.ஆர். அண்டு டி.பி. என்ற வாரியம் 1971-லேயே வந்துவிட்டது. கடற்படைக்கான என்.ஆர்.பி. 1996-ல் வந்தது. ஆயுதங்களுக்கு ஆர்ம்ரெப், உயிரறிவியலுக்கு எல்.எஸ்.ஆர்.பி. என்று தனித்தனியாக உண்டு. இவை எதிலும் மாணவர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. நிரந்தரப் பணியில் இருக்கும் பேராசிரியர்தான் முன்மொழிவு எழுத வேண்டும், பணம் கல்லூரிக் கணக்குக்குத்தான் வரும். கருவி, நுகர்பொருள், பயணம் என்று பட்ஜெட்டில் தலைப்புகள் இருக்கும். அவற்றில் ஒரு தலைப்புதான் ஆள் சம்பளம். மாணவர் அந்தத் தலைப்புக்குள் வருகிறார்.

அந்தப் பணம் தவணை தவணையாகத்தான் வரும். முதல் தவணையைச் செலவழித்து, கணக்கு முடித்து, ஜி.எஃப்.ஆர். (அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் செலவுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்தது. எல்லோரும் யூ.சி. என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். யூ.சி. எங்காவது நின்றால் ஸ்டைபண்டும் நின்றுவிடும். நானும் இப்படி ஒரு புராஜெக்டில் இருந்தவன்தான். இரண்டாம் வருடம் ஐந்து மாதம் ஒரு பைசா வரவில்லை. நிதி கொடுத்தவர்கள் தாமதிக்கவில்லை. எங்கள் கல்லூரியின் கணக்குப் பிரிவில் ஒரு கருவி வாங்கிய பில்லும் கொள்முதல் ஆணையும் ஒத்துப்போகவில்லை என்று கோப்பு மேசையிலேயே கிடந்தது. அந்த ஐந்து மாதமும் விடுதிக் கட்டணத்தை அப்பாதான் கட்டினார். பணம் கடைசியில் மொத்தமாக வந்தது, உண்மை. ஆனால் 26 வயதில் வீட்டில் கை நீட்டுவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு சிக்கல் காலம். இந்தப் புராஜெக்டுகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று வருடத்துக்கானவை. பிஎச்.டி. முடிக்க நான்கு, ஐந்து வருடம் ஆகிறது. விளம்பரம் வரும்போது புராஜெக்ட் தொடங்கி ஏற்கெனவே ஒரு வருடம் ஓடியிருக்கலாம், முன்பு இருந்தவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். "எத்தனை மாதம் மீதி?" என்று கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம். நல்ல பேராசிரியர் உள்ளதைச் சொல்வார்.

இவ்வளவு குறை சொன்னாலும் புராஜெக்டுக்கு ஒரு பெரிய பலம் உண்டு: கருவி. நம் மாநிலப் பொறியியல் கல்லூரிகளில் பல ஆய்வுக்கூடங்கள் உயிரோடு இருப்பதே இப்படி வந்த பணத்தில்தான். உதவித்தொகை எவ்வளவு வாங்கினாலும், அதிவேகக் கேமராவோ அதிர்வுச் சோதனை மேசையோ தனி மாணவரால் வாங்க முடியாது.

சரி, பெங்களூர் வாய்ப்பு. ஆய்வகத்திலேயே சேர்ந்தால் சோதனை வசதிகள் பக்கத்திலேயே இருக்கும். உண்மையான பிரச்சினையைக் கையில் வைத்திருப்பவர்களோடு வேலை செய்யலாம். எந்தப் பேராசிரியராலும் அதைத் தர முடியாது. பொதுப் பிரிவில் வயது வரம்பு 28. முதலில் இரண்டு வருடம், பிறகு நீட்டிப்பு. கேட் (பொறியியல் முதுநிலைத் தகுதித் தேர்வு) அல்லது நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தகுதி, அல்லது இரண்டு பட்டத்திலும் முதல் வகுப்போடு எம்.இ. இருந்தால் நேர்காணலுக்குப் போகலாம்.

பலர் தவறாக நினைக்கும் ஒரு விஷயம்: உள்ளே ஜே.ஆர்.எஃப். ஆகிவிட்டால் விஞ்ஞானி வேலை நிச்சயம் என்று. கிடையாது. இந்தப் பணி நிரந்தர வேலைக்கு உரிமை தராது என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். விஞ்ஞானிகளின் தொடக்கப் பதவியான சயின்டிஸ்ட் 'பி'க்கு, டி.ஆர்.டி.ஓ.வின் ஆள்தேர்வு மையமான ஆர்.ஏ.சி. நடத்தும் தனித் தேர்வு முறை இருக்கிறது, கேட் மதிப்பெண்ணோடு வெளியில் இருந்து வருபவரைப் போலத்தான் நீங்களும் வரிசையில் நிற்க வேண்டும். அமெரிக்காவில் பாதுகாப்புத் துறையின் ஸ்மார்ட் உதவித்தொகையில் ஒரு வருடம் பணம் வாங்கினால் ஒரு வருடம் அவர்களிடம் வேலை பார்த்தே ஆக வேண்டும், வேலையும் உறுதி. நம்மிடம் அந்தக் கட்டும் இல்லை, அந்த உறுதியும் இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது வேறொன்றுக்காக. ஆய்வகம் பட்டம் தராது. பிஎச்.டி. பதிவை ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தில் தனியாகச் செய்து, அங்கே ஒரு கைடு பிடிக்க வேண்டும். அந்தப் பல்கலைக்கழகம் ஆய்வேட்டுக்கு முன்னால் சஞ்சிகைக் கட்டுரை கேட்கலாம். ஆய்வகமோ கட்டுரை வெளியே போகுமுன் பாதுகாப்பு அனுமதி கேட்கும். ரகசியத் தன்மை உள்ள தரவு என்றால் அது வெளிவராது. வரக்கூடாது என்பது நியாயமும்தான். ஆனால் மூன்று வருடம் உழைத்த பிறகு "இந்த வரைபடத்தை எடுத்துவிடுங்கள், இந்த எண்களைப் போடாதீர்கள்" என்று வந்தால் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும்? வாய்மொழித் தேர்வு எல்லோர் முன்னும் நடப்பது. அங்கே பேச முடியாத வேலையை வைத்துப் பட்டம் வாங்க முடியாது. கல்லூரிப் புராஜெக்டிலும் வெளியிட அனுமதி வாங்கத்தான் வேண்டும். ஆனால் கல்லூரிக்கு வரும் தலைப்புகள் பெரும்பாலும் அடிப்படை ஆய்வாக இருப்பதால் சிக்கல் குறைவு. கூட்டுப்பொருளில் (காம்போசிட்) விரிசல் எப்படிப் பரவுகிறது என்பதை உலகத்துக்கே சொல்லலாம். குறிப்பிட்ட ஏவுகணையின் உறையில் அது எங்கே பரவியது என்பதைச் சொல்ல முடியாது. ஆகவே சேரும் நாளிலேயே, ஆய்வேட்டின் எந்த அத்தியாயம் வெளியே வரும் என்று கைடோடு உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புனேயில் டி.ஆர்.டி.ஓ.வோடு சேர்ந்து இயங்கும் டயட் என்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டமும் பாதுகாப்புத் துறையும் ஒரே கூரைக்குள் வேண்டும் என்பவர்கள் அதையும் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணுக்குத் தோன்றவே தோன்றாத மூன்றாவது வழி, தன் பெயரிலேயே வரும் உதவித்தொகை. அறிவியல் மாணவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர்.-யூ.ஜி.சி. நெட் இருக்கிறது. பொறியியல் மாணவருக்கு அந்தத் தேர்வில் தனிப் பாடமே கிடையாது, அதனால் பலர் இந்த வழியே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் பிஎச்.டி. சேர்ந்தால் நிறுவனமே உதவித்தொகை தருகிறது. பதிலுக்கு வாரத்தில் சில மணி நேரம் ஆய்வுக்கூடத்திலோ வகுப்பிலோ உதவ வேண்டும், அவ்வளவுதான். இரண்டு வருடம் 37,000, மூன்று வருடம் 42,000 என்றால் ஐந்து வருடத்தில் சரியாக 24 லட்சம். புராஜெக்டிலும் மாதக் கணக்கு இதேதான். ஆனால் அங்கே ஐந்து வருடமும் வரும் என்று யாரும் எழுதித் தருவதில்லை.

அதற்கும் மேலே பி.எம்.ஆர்.எஃப்., அதாவது பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை. 2018-ல் தொடங்கியபோது வகுத்த அளவு இது: முதல் இரண்டு வருடம் மாதம் 70,000, மூன்றாம் வருடம் 75,000, கடைசி இரண்டு வருடம் 80,000. ஆக 45 லட்சம். கூடவே வருடம் 2 லட்சம் ஆராய்ச்சிச் செலவுக்கு. குறிப்பிட்ட நிறுவனங்களில்தான் கிடைக்கும், போட்டி கடுமை. இருந்தாலும், கைடோடு ஒத்துப்போகாவிட்டாலும் புராஜெக்ட் முடிந்துபோனாலும் உங்கள் மாதச் செலவுக்கு ஆபத்தில்லை என்ற நிம்மதி இருக்கிறதே, அதற்கு விலை போட முடியாது. தலைப்பு பாதுகாப்பு சார்ந்ததாக இருப்பதற்கும் தடை இல்லை. குறை என்று சொன்னால் கருவிதான். 2 லட்சத்தில் கணினிக் கணக்கீடு செய்யலாம், காற்றுச் சுரங்கம் (விண்ட் டனல்) கட்ட முடியாது.

அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவர்களே நன்றாக வருகிறார்கள் என்று நினைக்கிறேன். மாதப் பணம் உங்கள் பெயரில், கருவிப் பணம் கைடின் புராஜெக்டில். டி.ஆர்.டி.ஓ. இப்போது தன் புராஜெக்டுகளில் கணிசமானவற்றை டி.ஐ.ஏ. (டி.ஆர்.டி.ஓ.-தொழில்துறை-கல்வித்துறை) உயர் ஆய்வு மையங்கள் வழியாகத் தருகிறது. நாடு முழுக்க 15 மையங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் ஒன்று, உயிரறிவியலுக்குக் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஒன்று. ஒரு ஆய்வகத்துக்கு என்ன தேவை என்பது முதலிலேயே தெரிந்து, பல பேராசிரியர்கள் சேர்ந்து செய்வதால், ஒரு புராஜெக்ட் முடிந்தாலும் அடுத்தது அதே திசையில் வர வாய்ப்பிருக்கிறது.

ஐடெக்ஸ், அதாவது பாதுகாப்புத் துறைக்குப் புதுப் பொருள் உருவாக்கும் ஸ்டார்ட்அப்களுக்கான மானியத் திட்டம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வேறு பாதை. 2018 ஏப்ரலில் சென்னைக்குப் பக்கத்தில் திருவிடந்தையில் நடந்த டிஃபெக்ஸ்போ ராணுவத் தளவாடக் கண்காட்சியில் தொடங்கப்பட்டது. ஒன்றரைக் கோடி வரை மானியம். ஐடெக்ஸ் பிரைமில் 10 கோடி, 2024-ல் வந்த அதிதி திட்டத்தில் 25 கோடி வரை. செய்தித்தாளில் இந்த எண்களைப் பார்த்துவிட்டுக் கல்லூரி மாணவர்கள் கண் விரிய வந்து கேட்கிறார்கள். தம்பிகளா, மேம்பாட்டுச் செலவில் நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். முப்படைகள் கேட்ட பொருளைக் கெடு வைத்து வேலை செய்யும் மாதிரியாகக் கொடுக்க வேண்டும். தனிநபரும் விண்ணப்பிக்கலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் ஆய்வேடும் எழுதிக்கொண்டு இதையும் ஓட்டுவது ஒருவரால் ஆகாது. பிஎச்.டி. முடித்த பிறகு, கையில் ஒரு தொழில்நுட்பம் இருக்கும்போது இதைத் தேடிப் போங்கள்.

படிக்கும்போதே கை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் டேர் டு ட்ரீம் என்ற புதுக் கண்டுபிடிப்புப் போட்டி பொருத்தம். 2018 அக்டோபர் 15, கலாம் பிறந்தநாளில் டி.ஆர்.டி.ஓ. அறிவித்தது. தனிநபருக்கு 5 லட்சம் வரை பரிசு. ராமேஸ்வரத்தில் பிறந்து குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானவியல் படித்தவர் நினைவாக நடப்பதில் நம் பிள்ளைகள் இன்னும் நிறையப் பேர் கலந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

முதுகலை சேரும் தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விமானவியல் படிக்கும் பெண்களுக்கென்று 2019-ல் டி.ஆர்.டி.ஓ. தொடங்கிய உதவித்தொகையில் முதுநிலைக்கு மாதம் 15,500, கேட் உதவித்தொகையான 12,400-ஐ விட அதிகம். முதுநிலைக்கு 10 இடங்கள்தான், முதலாண்டிலேயே விண்ணப்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஐந்தாறு பேர் இரண்டாம் ஆண்டில்தான் இதைக் கேள்விப்பட்டார்கள்.

அந்தப் பெண் அப்புறம் பேராசிரியரிடம் போய் மூன்று கேள்வி கேட்டிருக்கிறார். எத்தனை மாதம் மீதி, கடைசி யூ.சி. எப்போது போனது, முன்பு இருந்தவர் கட்டுரை வெளியிட்டாரா? பேராசிரியர் கோபப்படவில்லை. 19 மாதம் மீதி, யூ.சி. ஜூனில் போய்விட்டது, ஒரு கட்டுரை வந்திருக்கிறது என்று கோப்பை எடுத்தே காட்டியிருக்கிறார். அங்கேயே சேர்ந்துவிட்டார். கூடவே ஜனவரி பிஎச்.டி. சேர்க்கைக்கு ஒரு ஐ.ஐ.டி.யிலும் ஒரு என்.ஐ.டி.யிலும் விண்ணப்பம் போட்டிருக்கிறார். அந்தப் பேராசிரியரே பரிந்துரைக் கடிதம் எழுதித் தந்திருக்கிறார்.