486 டாலர் வாடகைக் கார் 962 டாலர் ஆன கதை

வங்கியில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட வருகிறவர்களிடம் "வாசித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டவன். அப்படிப்பட்டவன், சிகாகோ விமான நிலையத்துக் கார் வாடகை கவுண்டரில், கண்ணாடித் திரை ஒன்றின் மேல் ஆள்காட்டி விரலால் நான்கு முறை கையெழுத்துப் போட்டேன். ஒன்றையும் வாசிக்கவில்லை. அதனால் வந்த வினைகளை இங்கே எழுதுகிறேன். மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போய், அப்படியே தனியாக ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று நினைக்கும் என் வயதுக்காரர்கள் வாசித்தால் நல்லது.

மகள் சிகாகோ புறநகரில் இருக்கிறாள். போன அக்டோபரில் அவள் வீட்டில் ஒரு மாதம் தங்கினோம். நடுவில் ஒன்பது நாள் எனக்கே எனக்கு என்று ஒதுக்கிக்கொண்டேன். மனைவிக்குக் கார்ப் பயணம் ஒத்துக்கொள்ளாது. சிகாகோவிலிருந்து ஐ-55 என்ற நெடுஞ்சாலை செயின்ட் லூயிஸ், மெம்பிஸ் வழியாக நியூ ஆர்லியன்ஸ் பக்கம் வரை போகிறது. ஏறக்குறைய 965 மைல், நம் கணக்கில் 1,550 கிலோமீட்டர். மிசிசிப்பி ஆறு கூடவே வரும், இரண்டு இடத்தில் அதைக் கடக்கலாம். காரை நியூ ஆர்லியன்ஸில் விட்டுவிட்டு விமானத்தில் திரும்புவது என்று திட்டம்.

மகளுக்குப் பயம். "அப்பா, ராத்திரியில் பெட்ரோல் போட இறங்காதீர்கள். காருக்குள் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள். நியூ ஆர்லியன்ஸில் யாராவது செருப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் நிற்காதீர்கள்" என்று பட்டியல் போட்டாள். தெருவில் நிற்பவர்களைப் பற்றித்தான் எல்லோரும் எச்சரித்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் நிற்பவரைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவர் மிகவும் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பழக்கம் ஒரு நிறுவனத்தோடு நிற்பதாகவும் நான் நினைக்கவில்லை. கோயம்புத்தூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார், மகளைப் பற்றிக் கேட்டார். பிறகு, "இவ்வளவு தூரம் போகிறீர்கள், இந்தச் சின்னக் காரிலா? 14 டாலர்தான், பெரிய கார் தருகிறேன்" என்றார். 14 டாலர்தானே என்று தலையாட்டினேன். அது ஒரு நாளைக்கு என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்தது காப்பீடு. நான் இந்தியாவிலிருந்தே முன்பதிவு செய்திருந்தேன். வெளிநாட்டவருக்கான அந்தக் கட்டணத்திலேயே சேதக் காப்பீடு அடக்கம், ரசீதில் அச்சாகியிருந்தது. எடுத்துக் காட்டினேன். "அது அவர்களுடையது, இது எங்களுடையது. கண்ணாடியில் ஒரு கல் தெறித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். பின்னால் வரிசை நின்றது. வரிசை என்றால் எனக்கு ஒரு கூச்சம். கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த காலத்தில் அந்தக் கூச்சத்தை நானும் பயன்படுத்தியிருக்கிறேன், மறைப்பானேன். விரல் திரையில் ஓடியது.

கடைசியாக எரிபொருள். "டாங்க்குக்கு இப்போதே பணம் கட்டிவிடுங்கள், திருப்பும்போது அவசரம் இருக்காது." அதுவும் சரி என்றேன். தாளை மடித்து உறைக்குள் வைத்து, சாவியோடு கொடுத்தார். கைகுலுக்கினார்.

உறையை நான் பிரித்தது செயின்ட் லூயிஸில், இரவு பதினொரு மணிக்கு. முன்பதிவுத் தொகை 486 டாலர். பெரிய கார் 126. காப்பீடு, நாளொன்றுக்கு 28 வீதம், 252. எரிபொருள் 47. இவற்றுக்கு வரி 51. மொத்தம் 962. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தேன். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் நாற்பது நிமிட இசைக்குப் பிறகு ஒரு பெண், "கையெழுத்து இருக்கிறதே ஐயா, எடுத்த கிளையில்தான் மாற்ற முடியும்" என்றாள். எடுத்த கிளை 300 மைலுக்கு அப்பால் இருந்தது.

ஆகவே கவுண்டரில் யார் எந்தத் தொகையைச் சொன்னாலும் "நாளுக்கா, மொத்தத்துக்கா?" என்று கேளுங்கள். வரிசை நிற்கட்டும். திரையில் கை வைக்கும் முன் மொத்தத் தொகையைத் தாளில் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் ரசீதில் உள்ள காப்பீட்டு வரியைச் சிவப்பு மையால் கட்டம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சுங்கக் கதை வேறு. நம் ஊரில் சாவடி வந்தால் வேகம் குறையும், பாஸ்டேக்கில் பணம் கழிந்தது என்று கைபேசி சொல்லும். அங்கே ஒன்றும் இல்லை. விமான நிலையத்திலிருந்து தெற்கே ஐ-55-க்கு வர, வழிகாட்டிச் செயலி என்னை ஐ-294 சாலையில் ஏற்றிவிட்டது. சாலைக்கு மேலே ஒரு இரும்பு வளைவு, அதில் கேமராக்கள். இலினாய் மாநிலச் சுங்கச் சாலைகளில் 2020 முதல் பணம் வாங்கும் ஆளே கிடையாது. எண் தகட்டைப் படம் எடுத்து வண்டியின் உரிமையாளருக்குக் கணக்கு அனுப்புவார்கள். உரிமையாளர் வாடகை நிறுவனம். ஊர் திரும்பி ஐந்து வாரம் கழித்து என் அட்டையில் 57 டாலர் 75 சென்ட் கழிந்தது. அதில் சுங்கம் 4 டாலர் 20 சென்ட். மீதி 53.55 "வசதிக் கட்டணம்": வழியில் ஒரே ஒரு முறை சுங்கச் சாலையைத் தொட்டாலும், வாடகைக் காலம் முழுவதற்கும் நாளொன்றுக்கு 5.95. அதற்குப் பிறகு எட்டு நாளும் நான் சுங்கச் சாலையின் பக்கமே போகவில்லை. செயலியில் சுங்கச் சாலைகளைத் தவிர்க்கும் வசதி இருக்கிறது, கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள். முடியாதென்றால் வண்டியின் சுங்கத் திட்டம் எப்படி வேலை செய்கிறது, அதை மறுக்க முடியுமா என்று கவுண்டரிலேயே கேளுங்கள்.

செயின்ட் லூயிஸில் கேட்வே ஆர்ச் என்ற நினைவுச்சின்ன வளைவை மட்டும் சொல்லிவிடுகிறேன். 630 அடி உயரத் துருப்பிடிக்கா எஃகு. 1965-இல் கட்டி முடித்தார்கள். முட்டை ஓடு போன்ற பெட்டியில் ஐந்து பேரை அடைத்து உள்ளுக்குள்ளேயே மேலே ஏற்றுகிறார்கள். என்னோடு முழங்கால் இடித்துக்கொண்டு வந்த நான்கு பேரும் ஒரே குடும்பம். இறங்கும்போது எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்கள். விடுதி பற்றிப் பெரிய புகார் இல்லை. கட்டாயக் கட்டணங்களை ஒளிக்காமல் முதலிலேயே மொத்த விலையில் காட்ட வேண்டும் என்று கூட்டாட்சி வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கார் நிறுத்துவது கட்டாயம் இல்லையாம், விருப்பமாம். காரில் வந்தவன் காரை எங்கே கொண்டுபோய் வைப்பான்? இரவுக்கு 42 டாலர், இரண்டு இரவு. விடுதியைத் தேர்ந்தெடுக்கும் முன் இதையும் கூட்டிப் பாருங்கள். நகரத்துக்கு வெளியே உள்ள சாதாரண மோட்டல்களில் பெரும்பாலும் நிறுத்தம் இலவசம்.

தெற்கே இறங்க இறங்க நிலம் மாறியது. இலினாயில் அறுவடையான மக்காச்சோளக் காடு. மிசௌரியின் தென்கோடியில் திடீரென்று பருத்தி. கொங்கு நாட்டுக்காரனுக்குப் பருத்தியைப் பார்த்ததும் கால் தானாக பிரேக்கை மிதிக்கிறது. ஆள் ஒருவரும் இல்லை. ராட்சத உருளைகளாகப் பஞ்சைச் சுருட்டி, இளஞ்சிவப்பு பிளாஸ்டிக் போர்த்தி வயலில் உட்கார வைத்திருந்தார்கள்.

பெட்ரோல் போடுகிற இடத்தில் ஒரு சங்கடம். பம்ப்பில் அட்டையைச் செருகினால் ஐந்து இலக்க அஞ்சல் எண் கேட்கும். நம்முடையது ஆறு. உள்ளே போய் பம்ப் எண்ணையும் தொகையையும் சொல்லிப் பணம் கட்டினால் வேலை முடிந்தது. இது ஏமாற்று அல்ல. ஆனால் தெரியாமல் நான் முதல் தடவை பத்து நிமிடம் நின்றேன்.

மெம்பிஸில்தான் நிஜமாகவே திருடினார்கள். மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட லொரேன் மோட்டல் இப்போது குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகம். 306-ஆம் அறையின் வாசலில், அவர் நின்ற மாடி நடையில், ஒரு மலர் வளையம். பார்த்துவிட்டு மனம் கனத்துப் போய், மாலையில் பீல் தெருவுக்கு அருகே ஒரு தனியார் நிறுத்துமிடத்தில் காரை விட்டேன். கம்பத்தில் க்யூஆர் கோடு. கைபேசியைக் காட்டினேன், பக்கம் திறந்தது, வண்டி எண், அட்டை எண், 12 டாலர். ஓ.டி.பி. கேட்கவில்லை, வெளிநாட்டு இணையதளங்கள் பல கேட்பதில்லை என்பதால் சந்தேகமும் வரவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பினால் கண்ணாடித் துடைப்பானில் 65 டாலர் அபராதச் சீட்டு. கம்பத்தின் அருகே போய் நகத்தால் சுரண்டினேன். ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அடியில் அசல் கோடு.

இது புதிய தந்திரம் அல்ல என்று பிறகுதான் தெரிந்தது. டெக்சஸில் ஆஸ்டின், சான் அன்டோனியோ நகரங்களின் நிறுத்தக் கட்டண மீட்டர்களில் இப்படி ஒட்டியிருந்தது குறித்து 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலுமே போலீஸ் எச்சரித்திருக்கிறது. அன்று இரவே அட்டையில் 39.99 டாலர் கழிந்த செய்தியும் வந்தது; ஏதோ மாதச் சந்தா. உடனே அட்டையை முடக்கி, வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்தேன். மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்று 2017 ஜூலை சுற்றறிக்கையில் ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது உண்மை. ஆனால் நீங்களே எண்ணைக் கொடுத்த இடத்தில் "கவனக்குறைவு" என்று வங்கி வாதாடலாம். நானே அப்படி எத்தனை பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். காருக்குக் கொடுத்திருந்தது வேறு அட்டை என்பதால் பயணம் நிற்கவில்லை. இரண்டு அட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள். கோடு ஸ்டிக்கரில் இருந்தால் சுரண்டிப் பாருங்கள், அல்லது இயந்திரத்தில் நேரடியாகக் கட்டுங்கள்.

லூசியானாவில் சதுப்பு நிலத்தின் மேல் ஒரு பாலம். 22 மைலுக்கும் அதிக நீளம், 1979-இல் திறந்தது. இரண்டு பக்கமும் தண்ணீரில் நிற்கும் சைப்ரஸ் மரங்கள், வெள்ளைக் கொக்குகள், அரை மணி நேரம் போல இதுவே. இதற்கு அரசாங்கம் என்னிடம் ஒரு சென்ட்கூட வாங்கவில்லை. வாடகை நிறுவனம் அன்றைக்கும் 5.95 வாங்கியது.

நியூ ஆர்லியன்ஸின் போர்பன் தெருவில் மகள் சொன்ன ஆள் வந்தே விட்டான். "உங்கள் செருப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தெருவில் என்று சொல்கிறேன், 20 டாலர் பந்தயம்." அவன் ஆங்கிலத்தில் சொல்வதை 'எங்கே வாங்கினீர்கள்' என்றும் எடுத்துக்கொள்ளலாம்; ஏதோ கடைப் பெயரைச் சொல்லப் போகிறான் என்று நினைத்துத்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள். "என் காலில் இருக்கிறது, போர்பன் தெருவில் இருக்கிறது" என்று நானே சொல்லிவிட்டேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்த சிரிப்புக்காக ஐந்து டாலர் கொடுத்தேன். ஒன்பது நாளில் ரசீது கேட்காமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

காரைத் திருப்பும் காலை, இரவல் வாங்கியதை வாங்கியபடி திருப்ப வேண்டும் என்ற பழக்கத்தில், விமான நிலையத்துக்கு அருகே 38 டாலருக்கு டாங்க்கை நிரப்பினேன். பணம் ஏற்கெனவே கட்டிய டாங்க் என்பது அப்போது நினைவில் இல்லை. கழித்துக் கொடுப்பார்களா என்று கேட்டேன். மாட்டார்களாம். காலியாகக் கொண்டுவந்திருக்க வேண்டுமாம்.

முன்பதிவு ரசீதின் நகலோடு ஆறு வாரம் கடிதப் போர் நடத்தியதில் 252 டாலர் காப்பீட்டுத் தொகை "நல்லெண்ண அடிப்படையில்" திரும்பி வந்தது. பெரிய கார், எரிபொருள், சுங்க வசதிக் கட்டணம் எதுவும் வரவில்லை. வங்கி 39.99-ஐத் திருப்பியது, 12-ஐ மறுத்தது. 65 டாலர் அபராதத்தை, ஸ்டிக்கரின் படத்தை அனுப்பி, கட்ட மாட்டேன் என்று நிறுத்துமிடக்காரர்களுக்கு எழுதியிருந்தேன். அவர்கள் பதில் எழுதவில்லை. வாடகை நிறுவனம் போன வாரம் எழுதியது: என் பெயரையும் முகவரியையும் நிறுத்துமிட நிறுவனத்துக்குக் கொடுத்த நிர்வாகப் பணிக்காக 30 டாலர்.

மின்னஞ்சலை மனைவியிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டி முழுவதும் வாசித்தாள்.

"இன்னும் அந்தக் காரை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்களா?" என்றாள்.