மனைவி வீசாவுக்குக் காசு வாங்கி விசிட் வீசா போட்ட ஏஜென்சி: திருகோணமலைக்காரர் கவனம்

லண்டன் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்திருப்பவர்களும் கொடுக்கப் போகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் தங்கச்சிக்கு மனைவி வீசா எடுத்துத் தருவதாகச் சொல்லி 22 இலட்சம் ரூபாய் வாங்கிய ஏஜென்சி, அவளுக்குப் போட்டது விசிட் வீசா. அதுவும் றிஜெக்ட். பாரை மீனுக்குக் காசை வாங்கிக்கொண்டு சூடை மீனைப் பொதி கட்டிக் கொடுத்த வேலை.

ஏஜென்சியின் பெயரை எழுதவில்லை. பொலிஸில் முறைப்பாடு இருக்கிறது, மிச்சக் காசும் வர வேண்டியிருக்கிறது. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, செய்த விதம் தெரிந்தால் போதும். நான் விசாரித்த அளவில் இதே விதத்தில் ஏமாந்த இன்னும் இரண்டு குடும்பங்கள் உப்புவெளிப் பக்கமே இருக்கின்றன, அவர்களிடம் வாங்கியது வேறு ஆட்கள்.

தங்கச்சிக்கு 2025 ஆவணியில் கலியாணம். எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, முதலே முடிந்திருந்தது. மாப்பிள்ளையும் எங்கள் ஊர்தான், சின்ன வயதில் போய்ப் பிரித்தானியப் பிரஜையானவர். லீவு முடிந்து அவர் திரும்பியதும், சொந்தத்தில் ஒருவர் சொல்லி இந்த ஏஜென்சிக்குப் போனோம். டவுனுக்குள் மாடியில் ஒரு அறை, குளிரூட்டி, பாஸ்போட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறவர்களின் படங்கள் சுவர் முழுக்க. "அக்கா, ஸ்பவுஸ் வீசா எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. தங்கச்சி தைப்பொங்கலுக்கு அங்க நிப்பா" என்றார் ஏஜென்சிக்காரர். அம்மாவுக்கு அந்தப் பேச்சே போதுமாக இருந்தது.

அவர் சொன்ன கணக்கு சரியான கணக்கு என்பதுதான் இதில் பெரிய கெட்டித்தனம். 2025 ஏப்ரலில் வந்த கணக்குப்படி, வெளிநாட்டில் இருந்து போடும் மனைவி வீசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் அப்போது 1,938 பவுண். அதோடு அங்கத்தைய அரச மருத்துவச் சேவைக்காக எடுக்கும் ஐ.எச்.எஸ். என்கிற ஹெல்த் சார்ஜ் வருடத்துக்கு 1,035 பவுண். வீசா கிடைப்பது இரண்டு வருடம் ஒன்பது மாதத்துக்கு என்றாலும் மூன்று வருடத்துக்கு எடுப்பார்கள், 3,105 பவுண். மொத்தம் 5,043. பவுண் 400 ரூபாய் அளவில் நின்ற நேரம், 20 இலட்சத்துக்குச் சற்று மேலே. தன்னுடைய கூலி இரண்டு இலட்சத்துக்கும் குறைவு என்றார். நான் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் பார்த்தேன், எல்லாம் பொருந்தியது. அப்புறம் யாருக்குச் சந்தேகம் வரும்?

ஆனால் அவர் உண்மையில் கட்டியது விசிட் வீசாவின் 127 பவுண். ஐம்பதாயிரம் ரூபாய்ச் சொச்சம். விசிட் வீசாவுக்கு ஹெல்த் சார்ஜே கிடையாது. மிச்சம் 21 இலட்சத்துக்கு மேல் அவர் பையில். கொடுத்த பற்றுச்சீட்டில் "வீசா சேவை" என்ற இரண்டு சொல்லும் ஒரு தொகையும்தான், எந்த வீசா, எந்தக் கட்டணம் எவ்வளவு என்று ஒன்றும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்கக்கூடிய தடயங்கள் அவர் கேட்ட ஆவணங்களிலேயே இருந்தன. ஒருவர் உங்களிடம் என்ன கேட்கிறார், என்ன கேட்காமல் விடுகிறார் என்பதைப் பாருங்கள். மனைவி வீசா என்றால் பெண்ணுக்கு ஆங்கிலப் பரீட்சை வேண்டும், முதல் தடவைக்கு ஏ1 என்கிற ஆரம்ப மட்டம், பேசவும் கேட்கவும் தெரிந்தால் போதும். காசநோய்ப் பரிசோதனை வேண்டும், கொழும்பில் ஐ.ஓ.எம். என்கிற சர்வதேசக் குடிபெயர்வு அமைப்பின் நிலையத்தில் எடுப்பது, சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். இந்த இரண்டையும் இவர் "நாங்க பேசிச் சமாளிப்பம், தேவையில்ல" என்று தட்டிவிட்டார். சமாளிக்கிற விஷயமே இல்லை அது. ஆறு மாதம் வரைக்குமான விசிட் வீசாவுக்கு இரண்டும் உண்மையாகவே தேவையில்லை, அதனால்தான் கேட்கவில்லை.

மறுபக்கத்தில், தேவையில்லாததை எல்லாம் கேட்டார். அம்மாவின் நிலையான வைப்புக் கணக்கு, காணி உறுதி, தங்கச்சியின் வங்கிக் கணக்கு. மனைவி வீசாவில் பார்ப்பது அங்கே இருக்கிற கணவரின் வருமானத்தை. 2024 ஏப்ரல் 11இல் இருந்து, முதல்தடவை விண்ணப்பத்துக்கு வருடம் 29,000 பவுண் காட்ட வேண்டும். ஒரே இடத்தில் வேலை செய்கிறவர் என்றால் ஆறு மாதச் சம்பளச் சீட்டும், அந்தச் சம்பளம் விழுந்த வங்கிக் கூற்றும், வேலை கொடுத்தவரின் கடிதமும். சம்பளம் இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண், ஆறு மாதம் கையில் இருந்திருக்க வேண்டும். எங்கள் மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு ஒன்றையாவது இந்த மனிதர் கேட்கவில்லை. இங்கே அம்மாவின் காணி உறுதி எதற்கு? "இந்தப் பிள்ளைக்கு ஊரில் சொத்து இருக்கிறது, திரும்பி வந்துவிடும்" என்று காட்டத்தான். லண்டனில் குடும்பம் நடத்தப் போகிற பிள்ளை திரும்பி வரும் என்று ஏன் காட்ட வேண்டும்!

விண்ணப்பம் முழுவதும் அவருடைய ஈமெயிலில், அவருடைய பாஸ்வேட்டில். பார்க்கக் கேட்டபோது "பலபேர் திறந்தா சிஸ்டம் லொக் ஆகும் அக்கா" என்றார். கைரேகை கொடுக்க இரவு றெயிலில் கொழும்புக்குப் போனபோது ஆவணங்களை ஒட்டிய உறையில் தந்து, அங்கே போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று தங்கச்சியிடம் சொல்லிவிட்டார். அந்த உறைக்குள் இருந்த முதல் தாளிலேயே எந்த வகை வீசா என்று அச்சாகியிருக்கும். யாராவது ஒட்டித் தந்தால் அந்த இடத்திலேயே, அவர் முன்னாலேயே பிரியுங்கள்.

முடிவு வந்தபோது எங்களுக்குச் சொன்னது "றிஜெக்ட் ஆயிட்டு, கடிதம் முக்கியமில்ல" என்று. மாப்பிள்ளை விடவில்லை, கடிதத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். தங்கச்சி போய் அடம்பிடித்து வாங்கி அனுப்பினாள். அவர் வாசித்துவிட்டு எடுத்த கோல் எனக்கு இன்னும் காதுக்குள் நிற்கிறது. "அக்கா, இது விசிட்டருக்கான கடிதம். திரும்பிப் போவா எண்டு நம்பேல்ல எண்டு எழுதியிருக்கிறாங்கள். இவ என்ர மனைவி எண்டே எங்கயும் இல்ல."

இல்லைதான். விண்ணப்பத்தில் தங்கச்சியைக் கலியாணமாகாதவள் என்று நிரப்பியிருந்தார்கள். அதைவிட மோசம், அவள் வேலை பார்த்தே இராத ஒரு இடத்தில் இருந்து லீவுக் கடிதம் வைத்திருந்தார்கள். காசு போனதைவிட இதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. விண்ணப்பத்தில் பொய்யோ போலி ஆவணமோ இருந்தால், யார் நிரப்பினார் என்பது வீசா அதிகாரிகளுக்கு இரண்டாம் பட்சம், பொறுப்பு விண்ணப்பித்தவருடையது. விசிட், படிப்பு வீசாக்களுக்கு அதனால் 10 வருடம் வரைக்கும் தடை விழலாம். மனைவி வீசாவிலும் அதைக் காரணமாக வைத்து மறுக்கலாம். ஏஜென்சிக்காரர் அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார், பெயர் கெடுவது பிள்ளைக்கு.

நேரில் போய்க் கேட்டபோது வந்த பதில்களையும் எழுதுகிறேன், உங்களிடமும் இதையே சொல்லக்கூடும். முதலில், "விசிட்டில போய் அங்க வச்சு ஸ்பவுஸுக்கு மாத்தலாம், அதுதான் லேசான வழி." மாற்ற முடியாது. விசிட் வீசாவில் உள்ளே போனவர் அங்கே இருந்துகொண்டே மனைவி வீசாவுக்கு மாற விதி இடம் கொடுக்கவில்லை, திரும்பி வந்துதான் போட வேண்டும். அடுத்து, "அப்பீல் போடுவம், ஆறு இலட்சம் ஆகும்." விசிட் வீசா மறுத்தால் அப்பீல் உரிமையே கிடையாது. மனைவி வீசா மறுத்தால் உண்டு. ஆக, சரியான வீசா போட்டிருந்தால் இருந்திருக்கக்கூடிய உரிமையையும் இல்லாமலாக்கிவிட்டு, இல்லாத அப்பீலுக்கு இன்னொரு ஆறு இலட்சம். கடைசியாக, "கட்டின காசெல்லாம் எம்பசி எடுத்திட்டுது, திரும்பி வராது."

இந்தக் கடைசிப் பொய்யைக் கவனியுங்கள். விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது, சரி. ஆனால் மனைவி வீசா மறுக்கப்பட்டால் ஹெல்த் சார்ஜ் முழுவதையும் திருப்பித் தருவார்கள். எங்கள் விஷயத்தில் அவர் அதைக் கட்டவே இல்லை, அது வேறு. உண்மையாகவே கட்டுகிற ஏஜென்சியிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது: திரும்பும் காசு, எந்த அட்டையில் இருந்து கட்டினார்களோ அந்த அட்டைக்கே போகும். ஏஜென்சியின் அட்டையில் கட்டியிருந்தால் 3,105 பவுண் ஏஜென்சிக்கு வரும், உங்களுக்குத் தெரியவும் வராது. 12 இலட்சத்துக்கு மேல்.

அதனால் நான் கண்டவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது, வீசாக் காசு திருகோணமலையில் யாருடைய கையாலும் போகத் தேவையில்லை என்பதைத்தான். விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் அட்டையில். கணவர் லண்டனில் இருந்துகொண்டே தன்னுடைய அட்டையில் கட்டலாம். இங்கே படிவம் நிரப்பவும், எழுத்துத் துண்டையும் பிறப்புச் சான்றிதழையும் தமிழில் இருந்து ஆங்கிலத்துக்கு மாற்றவும் உதவி வேண்டுமென்றால் அதற்கு மட்டும் கூலி கொடுங்கள். கணக்கு உங்கள் ஈமெயிலில் இருக்கட்டும். ஜீ.டபிள்யூ.எஃப். என்று தொடங்கும் விண்ணப்ப இலக்கத்தைக் கேட்டு வாங்கி, அந்த விண்ணப்பத்தின் பீ.டீ.எஃப்.பை முழுவதும் கணவருக்கு அனுப்புங்கள். அவர் ஒருமுறை வாசித்தால் பாதிக் களவு அங்கேயே நின்றுவிடும்.

நாங்கள் இப்போது போட்டிருப்பது சரியான விண்ணப்பம். மாப்பிள்ளை அங்கே பதிவுபெற்ற ஒரு ஆலோசகரைப் பிடித்தார். பிரித்தானியாவுக்குள் பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை கொடுப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தப் பதிவைப் பார்க்கும் அமைப்பு முன்பு ஓ.ஐ.எஸ்.சி., 2025 ஜனவரியில் இருந்து ஐ.ஏ.ஏ. என்று பெயர் மாறியிருக்கிறது, பட்டியலை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கலாம். எங்கள் ஊர் ஏஜென்சியை அந்தச் சட்டம் தொடாது என்பது வேறு கதை. அந்த ஆலோசகர் சொன்ன முதல் விஷயம், முந்திய மறுப்பை மறைக்கக் கூடாது. படிவத்தில் அந்தக் கேள்வி நேரடியாகவே இருக்கிறது. நடந்ததை எல்லாம் தங்கச்சி ஒரு வாக்குமூலமாக எழுதி, பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியையும் சேர்த்திருக்கிறாள். முடிவுக்குக் காத்திருக்கிறோம்.

லண்டனுக்குப் போய் இருப்பவர்களையும் இப்படியான ஆட்கள் விடுகிறார்கள் இல்லை. நிலாவெளியில் இருந்து போன ஒரு பிள்ளை, தங்கச்சியோடு படித்தவள். அவளுக்கு முதல் வீசா 2024 ஏப்ரலுக்கு முன், பழைய 18,600 பவுண் வருமானக் கணக்கில் கிடைத்தது. நீடிப்புக்கு நேரம் வந்ததும் அங்கே ஒரு தமிழர், "இப்ப 29,000, உன்ர மனுசன்ர சம்பளம் காணாது, நான் கணக்குக் காட்டித் தாறன்" என்று பயமுறுத்திக் காசு கேட்டிருக்கிறார். அப்படியில்லை. அந்தத் திகதிக்கு முன் அந்த வழியில் போட்டவர்கள் அதே துணையோடு நீடிக்கும்போது பழைய தொகைதான். கூடவே ஏ1க்கு அடுத்த மட்டமான ஏ2 ஆங்கிலமும், முந்திய வீசா முடிவதற்கு முன் போடுவதும் முக்கியம். நீடிப்பு இரண்டரை வருடம், ஹெல்த் சார்ஜ் மறுபடியும் உண்டு. நல்லவேளை அவள் காசு கொடுக்க முன் தங்கச்சியிடம் கதைத்தாள்.

பொலிஸில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். தவணையில் தருவதாக ஏஜென்சிக்காரர் எழுதிக் கொடுத்தார். வங்கிச் சீட்டும், அவர் அனுப்பிய வாட்ஸ்அப் குரல்பதிவுகளும் இருந்ததால்தான் அவ்வளவாவது நடந்தது. காசைக் கையில் கொடுத்தவர்கள் என்ன செய்வார்களோ தெரியாது. உப்புவெளிக் குடும்பம் ஒன்று அப்படித்தான் கொடுத்திருக்கிறது, முறைப்பாட்டுக்கே போகவில்லை.

இதுவரை எட்டு இலட்சம் வந்திருக்கிறது. மாடி அறையைப் பூட்டிவிட்டு இப்போது வேறு தெருவில் வேறு பெயர்ப்பலகை போட்டிருக்கிறார், அதே படங்கள்தான் சுவரில். அடுத்த தவணை வருகிற மாதம் என்கிறார். வந்தாலும் வராவிட்டாலும் இதன் கீழேயே எழுதுகிறேன்.