கொழும்புக் காற்றில் கார் மொடலுக்குப் பளபளப்பு ஏற்றுவது: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

1/24 அளவுக் கார் மொடலுக்குப் பெயின்ட் அடிப்பது பற்றி வெளிநாட்டில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்ந்த, காய்ந்த அறையில் இருந்து எழுதப்பட்டவை. அதை அப்படியே வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் பல்கனியில் செய்துபார்த்தால் பாதி சரிவரும், பாதி பால் ஊற்றினதுபோல வெளுத்துப்போகும். இங்கே பளபளப்பைத் தீர்மானிப்பது கைப்பழக்கத்தைவிட ஈரப்பதம்தான். அதனால் ஸ்பிரே டின், போத்தல் லாக்கர் (கரைப்பான் ஆவியாகிக் காயும் பெயின்ட்), வாகன 2கே கிளியர் (கெட்டியாக்கி கலந்து அடிக்கும் நிறமில்லாத மேற்பூச்சு) ஆகிய மூன்றையும் அந்தக் கண்ணோடே பார்க்கலாம்.

முதலில் அந்த வெளுப்பு. கறுப்பு அடித்த கூரை. மழை விட்ட பின்னேரம், கடைசி ஈரக் கோட் போய் அரை நிமிடம். கண்ணாடிபோல மினுங்கிக்கொண்டிருந்த இடத்தின் நடுவில் சாம்பல் புகை ஒன்று பரவும். ஓரத்துக்கு வருவதற்குள் கூரை முழுக்க நீலம் கலந்த வெள்ளை. பெயின்ட் பழுது இல்லை. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பைக் குளிர்விக்கிறது. டின்னில் இருந்து வரும் வாயு அதை இன்னும் குளிர்விக்கிறது. 30 பாகை வெப்பத்தில் ஈரப்பதம் 80 சதவீதமாக இருந்தால் பனிநிலை கிட்டத்தட்ட 26 பாகை. அதாவது மேற்பரப்பு நாலே நாலு பாகை குளிர்ந்தாலே காற்றிலுள்ள தண்ணீர் ஈரப் பெயின்டில் படியும். அதே 30 பாகையில் ஈரப்பதம் 60 ஆக இருந்தால் பனிநிலை 21, 22 பாகைக்கு இறங்கிவிடும். தப்பிக்க இடம் கிடைக்கும். ஆகவே பெயின்ட் வாங்க முதல் ஒரு ஈரப்பதமானி வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் இதைவிடப் பயனுள்ள சாமான் இல்லை.

ஜனவரி, பெப்ரவரி நல்ல காலம். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர் நவம்பரில் பின்னேர இடிமழை. நாளுக்குள் பார்த்தால் விடியற்காலைதான் மோசம். வெயில் ஏற ஏற ஈரப்பதம் இறங்கி, காலை பதினொன்றில் இருந்து மூன்று மணிக்குள் குறைந்த அளவுக்கு வரும். 70க்குக் கீழே வந்தால் நிறம் அடிக்கலாம், 65க்குக் கீழே என்றால் கிளியர். அதற்கு மேலே இருந்தால் பிரைமர் (அடிப்பூச்சு) தேய்ப்பது, சில்லு, இருக்கை, எஞ்சின் பக்கம் போவது புத்தி. மங்கலாக முடியவேண்டிய உள்பாகங்களில் இந்த வெளுப்பு பெரிதாகத் தெரியாது.

இனி ஸ்பிரே டின். தமியா நிறுவனத்தின் டிஎஸ் வரிசை, 100 மில்லி. ஒரு காரின் வெளிக்கூட்டுக்குப் பாதி டின்னுக்குக் கொஞ்சம் மேலே போகும். தூசிபோல இரண்டு கோட், பத்துப் பத்து நிமிட இடைவெளி, பிறகு ஈரக் கோட் இரண்டு, 15 முதல் 20 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்து. டின்னைச் சூடு தண்ணீரில் வைத்துவிட்டு அடிக்கச் சொல்லும் அறிவுரை எல்லா இடத்திலும் இருக்கிறது. இங்கே அது தேவையில்லை; அறையில் நிற்கும் டின்னே 30 பாகையில்தான் இருக்கிறது. இன்னும் சூடாக்கினால் துளி வழியிலேயே காய்ந்து, மேற்பரப்பு தோடம்பழத் தோல்போல வரும். டின் 40 பாகைக்கு மேலே போகவும் கூடாது.

டிஎஸ்-26 வெள்ளை, டிஎஸ்-14 கறுப்பு, டிஎஸ்-49 சிவப்பு போன்ற தனி நிறங்களுக்கு மேலே கிளியர் கட்டாயம் இல்லை. ஸ்டிக்கர் ஒட்டாத காரென்றால் நிறத்தையே மினுக்கலாம். வெள்ளைக்கு அதுதான் நல்லது, கிளியர் கிடந்தால்தானே காலப்போக்கில் மஞ்சளாகும். மெட்டாலிக் நிறத்தை மட்டும் நேரடியாகத் தேய்க்கவே கூடாது. துகள் வெட்டுப்பட்டுத் திட்டுத் திட்டாகும்.

டின்னின் குறை இரண்டு. ஒன்று, உலரும் வேகத்தை மாற்ற வழியில்லை, அதனால் மழைக்காலத்தில் ஏறக்குறைய உதவாது. மற்றது கடற்கரைப் பக்க வீடுகளில் டின்னின் அடி விளிம்பு துருப்பிடிப்பது. மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் பல வருடம் நிற்கும். சிலர் டின்னில் உள்ளதைக் குழாய்வழியே கண்ணாடிப் போத்தலுக்கு எடுத்து எயார்பிரஷ்ஷில் (அமுக்கிய காற்றால் பெயின்ட் தூவும் பேனைபோன்ற கருவி) பாவிக்கிறார்கள். நல்ல வழி. ஆனால் எடுக்கும்போது போத்தல் ஐஸ்போலக் குளிரும், வெளிப்பக்கம் வியர்க்கும். உள்ளேயும் ஈரம் இறங்கும். மூடியை இறுக்காமல் மேலே வைத்து, ஒரு இரவு விட்டு, வாயு முழுக்கப் போன பிறகே பாவிக்கவேண்டும். அவசரப்பட்டு மூடினால் மூடி தெறிக்கும்.

இங்கே வருடக்கணக்கில் பாவித்து மிஞ்சுவது போத்தல் லாக்கர்தான். மிஸ்டர் கலர், அல்லது தமியா எல்பி. அதைவிட முக்கியம் அதோடு சேர்க்கும் மிஸ்டர் லெவலிங் தின்னர். சாதாரணத் தின்னருக்கு உலர்வதைத் தாமதப்படுத்தும் கரைப்பான் சேர்த்ததுதான் அது. பெயின்ட் மெதுவாகக் காய்வதால் மேற்பரப்பு சட்டென்று குளிராது. துளிகளுக்குப் படிந்து மட்டமாக நேரமும் கிடைக்கும். கொழும்பு வெயிலின் வேகத்துக்கும் ஈரத்துக்கும் ஒரே மருந்து. பெயின்ட் ஒரு பங்கு, தின்னர் இரண்டு பங்கு, எயார்பிரஷ்ஷில் 0.3 மில்லிமீற்றர் ஊசி, காற்றழுத்தம் 15 முதல் 18 பிஎஸ்ஐ, எட்டுப் பத்து சென்ரிமீற்றர் தூரம். கிளியருக்கு மிஸ்டர் கலரின் ஜிஎக்ஸ்100 ஒரு பங்கு, தின்னர் ஒன்றரை. மழைநாளில் உலர்வதை இன்னும் தாமதப்படுத்தும் மிஸ்டர் ரிட்டாடர் கொஞ்சம் சேர்க்கலாம், கலவையில் பத்தில் ஒன்றுக்கு மேலே வேண்டாம். கூடினால் பெயின்ட் வாரக்கணக்கில் மெதுமெதுவென்றே கிடக்கும்.

வெளுத்துப்போனதைத் திருத்தவும் இதே தின்னர்தான். உரிக்க அவசரப்படாதீர்கள். நன்றாகக் காயவிட்டு, ஈரப்பதம் இறங்கிய நேரம் பார்த்து, வெறும் லெவலிங் தின்னரை மெல்லிய தூறலாக இரண்டு தடவை அடித்தால் மேற்பரப்பு திரும்ப இளகி, சிக்கின தண்ணீர் வெளியேறும். பெரும்பாலும் கறுப்பு கறுப்பாகத் திரும்பி வரும்.

கொம்பிரசர் பாவிப்பவர்கள் மறப்பது குழாயில் சேரும் தண்ணீர். 80 சதவீத ஈரக் காற்றை அமுக்கினால் அதில் உள்ள தண்ணீர் எங்கேயோ விழத்தானே வேண்டும். இருபது நிமிடம் ஓடியதும், காற்றிலுள்ள தண்ணீரைப் பிடிக்கும் ஈரப்பொறியின் கிண்ணத்தில் முத்து முத்தாக நிற்கும். கொம்பிரசரோடு வரும் பொறி மட்டும் போதாது, ஏனென்றால் காற்று குழாயில் ஆறும்போதும் தண்ணீர் பிரிகிறது. எயார்பிரஷ் கைபிடியடியில் இரண்டாவது சின்னப் பொறி பூட்டுங்கள். தாங்கி உள்ளதென்றால் வேலை முடிந்ததும் அடியில் உள்ள திருகைத் திறந்து வடியுங்கள். கிளியர் கோட்டில் மீன்கண்போலக் குழி விழுந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள், கைரேகை எண்ணெயை அடுத்ததாக.

2கே கிளியர் பற்றி வாகன பெயின்ட் தெரிந்தவர்கள் பெருமையாகக் கதைப்பார்கள். உண்மைதான், அந்த மினுக்கம் வேறு எதிலும் வராது. மினுக்காமலே கண்ணாடிபோல நிற்கும். ஆனால் மொடலுக்கு மூன்று வில்லங்கம். கெட்டியாக்கியில் ஐசோசயனேற் இருக்கிறது. அது சுவாசத்துக்குள் போனால் ஆஸ்துமாவைக் கொண்டுவரும் சாமான். தொடர்மாடியில் அடிக்கவே கூடாது. அடுத்தது, அது ஈரத்தோடு தாக்கம் புரியும். ஒருமுறை திறந்த கெட்டியாக்கிப் போத்தல் இந்தக் காற்றில் கெதியாகக் கலங்கித் தடித்துவிடும், மொடலுக்குத் தேவை சில மில்லி, மிச்சம் வீண். மூன்றாவது தடிப்பு. உண்மைக் காரின் கதவு இடைவெளி 4 மில்லிமீற்றர் என்றால் 1/24இல் அது 0.17 மில்லிமீற்றர்தான். தாராளமாக ஒரு ஈரக் கோட் போனால் கதவும் பொனட்டும் ஒட்டினதுபோல ஆகிவிடும். எந்தக் கிளியர் அடித்தாலும் பிரைமருக்கு முதலே அந்தக் கோடுகளைக் கீறி ஆழமாக்குவது அவசியம்.

வாகனக் கடையில் நிறக் குறியீடு கொடுத்துக் கலந்து வாங்குவதிலும் ஒரு பொறி. தனி நிறம் என்றால் சரி. மெட்டாலிக்கில் துகள் 30 மைக்ரோன் என்றால், அதை 24ஆல் பெருக்கிப் பாருங்கள்: நிஜக் காரில் 0.7 மில்லிமீற்றர் மினுமினுப்புத் துண்டு. கல்யாண அலங்காரம்போல இருக்கும். மலிவான என்சி (நைட்ரோசெலுலோஸ்) தின்னரை எயார்பிரஷ் கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பிளாஸ்ரிக்கில் பட்டால் சுருக்கமும் வெடிப்பும் வரும்.

பிரைமர் விசயத்தில் அதிகம் சொல்ல இல்லை. மிஸ்டர் சர்ஃபேசர் 1500 மெல்லிசாக, 2000 இலக்கத் தேய்க்கும் தாளால் தடவி விட்டால் போதும். சிவப்புப் பிளாஸ்ரிக்கில் வார்த்த கூட்டுக்கு வெள்ளையோ மஞ்சளோ அடிக்கப்போனால் மட்டும் இடையில் வெள்ளி நிறம் ஒரு கோட் போடுங்கள். இல்லாவிட்டால் சிவப்பு ஊறி வந்து இளஞ்சிவப்பாக்கும்.

ஸ்டிக்கருக்கு மேலே லாக்கர் கிளியர் அடிக்கும்போது முதல் இரண்டு மூன்று கோட் தூசியாகவே போகவேண்டும். ஈரமாகப் போனால் ஸ்டிக்கர் சுருங்கும், மையும் கரையும். பழைய பெட்டிகளில் ஸ்டிக்கர் தாள் மஞ்சளாகி, பூஞ்சணமும் பிடித்திருக்கும். வாங்கியவுடன் ஸிப் பையில் போட்டுச் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது இந்த ஊரில் ஒரு பழக்கமாகவே ஆகவேண்டும்.

எல்லாரும் தவறுவது காயவிடுவதில். தொட்டால் ஒட்டாதது காய்ந்ததல்ல. கூட்டை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள். தின்னர் வாசம் வந்தால் உள்ளே இன்னும் கரைப்பான் இருக்கிறது. இப்போது மினுக்கினால் இன்று கண்ணாடி, அடுத்த மாதம் அரத்தாள் கோடெல்லாம் மேலே எழும்பிவரும். இங்கே கிளியருக்குப் பத்து முதல் பதினாலு நாள் விடுவது பாதுகாப்பு. பழம் காயவைக்கும் மின்பெட்டி இருந்தால் 40 பாகையில் ஏழெட்டு மணித்தியாலம் வைத்து, பிறகும் மூன்று நாள் விடலாம். 45க்கு மேலே ஏற்றவேண்டாம். கண்ணாடிகளுக்கு இடையிலுள்ள மெல்லிய தூண்கள் வளையும். வெயிலில் நின்ற காருக்குள் வைத்துக் காயவைக்கும் யோசனை யாருக்காவது வந்தால் அதை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மினுக்கும்போது நிறம் போவது எப்போதும் விளிம்பில். சில்லு வளைவு, பொனட்டின் மடிப்பு, கதவின் ஓரம் எல்லாவற்றிலும் 2 மில்லிமீற்றர் அகலத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட தண்ணீரில் நனைத்து, 3000 இலக்கத் தாளாலும் பிறகு 4000, 6000 தாள்களாலும் தேயுங்கள். தாளை விரலில் சுற்றாமல் சின்ன ஸ்பொஞ்சில் சுற்றுங்கள். விரல் நுனி பள்ளம் பறிக்கும். டேப்பைக் கழற்றிவிட்டு விளிம்புக்கு மினுக்குப் பசை மட்டும். தமியா பசையில் சிவப்பு மூடி கரடு, நீலம் நடுத்தரம், வெள்ளை முடிவு. 6000 வரை தேய்த்திருந்தால் சிவப்பு தேவையில்லை, நீலத்தில் தொடங்குங்கள். கோடுகளில் வெள்ளையாக நிற்கும் பசையை மெல்லிய பல்துலக்கியால் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே அந்தக் கதவு, பொனட் இடைவெளிக் கோடுகளுக்குக் கறுப்பு மை விடவேண்டும். எனாமல் மை பெயின்ட் இல்லாத பிளாஸ்ரிக்கில் தேங்கினால், அழுத்தத்தில் இருக்கும் பம்பர் கால்கள் பொட்டென்று உடையும்.

வெளிநாட்டில் இருந்து வரும் சொந்தக்காரரிடம் என்ன கேட்கலாம் என்ற கேள்வி எப்போதும் வரும். மொடல் பெட்டி, ஸ்டிக்கர், டேப், தேய்க்கும் தாள், ஊசி, இவற்றை ஆறுதலாகக் கேட்கலாம். ஸ்பிரே டின், லாக்கர், தின்னர் கேட்கவே வேண்டாம். எரியும் திரவம், பயணப் பொதியில் அனுமதியில்லை. அவர்களைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சங்கடப்படுத்தவா?

வீட்டுக்குள் அடிப்பவர்களுக்கு: பாமசியில் வாங்கும் மெல்லிய முகமூடி தூசியைக்கூட ஒழுங்காகத் தடுக்காது, கரைப்பான் ஆவி தாராளமாக உள்ளே போகும். கரைப்பான் ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி பூட்டிய முகமூடிதான் வேண்டும். வடிகட்டியை வெளியில் போட்டுவைத்தால் பாவிக்காமலே தீர்ந்துவிடும், ஸிப் பைக்குள் வையுங்கள். குசினிக்குப் பக்கத்து பல்கனியென்றால் காஸ் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ஏசி அறையில் ஈரப்பதம் 55க்கு இறங்கும் என்பது ஆசைகாட்டும். ஆனால் ஸ்பிளிட் ஏசி அதே காற்றைத்தான் சுற்றிச் சுற்றி விடுகிறது. அடிப்பது வெளியே இழுக்கும் விசிறிப் பெட்டியில், காயவைப்பது ஏசி அறையில் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

முடித்த காரை அலுமாரியில் வைக்கும்போது டயரைக் கவனியுங்கள். மென்மையான வினைல் டயரில் இருந்து நெகிழியாக்கி மெதுவாகக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்ரிக்கை இளக்கும். இந்த வெப்பத்தில் அது கெதிப்படும். சில வருடத்தில் டயர் அடித்தட்டில் பதிந்து ஒட்டியிருக்கும். சட்டகத்தைத் திருகாணியில் தூக்கிப் பூட்டி, டயர் தட்டில் இருந்து ஒரு கடதாசித் தடிப்பு மேலே நிற்கும்படி வைத்தால் போதும். சில்லின் விளிம்புக்கும் பெயின்ட் இரண்டு கோட் இருக்கட்டும், அங்கேதான் முதலில் தின்னத் தொடங்கும்.