மண்டபத்தில் மாக்ஸ் வெபர்: 600 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

குடிமைப்பணித் தேர்வுக்குச் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்கு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் நடக்கும் ஞாயிறு காலை வகுப்பு இது. ஜெர்மன் சமூகவியலாளர் வெபருக்கு 4 அமர்வு, கட்டணம் 600 ரூபாய், கூடவே நகலெடுத்த குறிப்பு. சட்டவழி, மரபு, ஆளுமைக் கவர்ச்சி என்று வெபர் பிரித்த அதிகாரத்தின் மூன்று வகைகளை மட்டும் படிக்க வந்தால் காசு வீணில்லை. வெபரின் அரசியலைத் தெரிந்துகொள்ள வந்தால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

மூன்று வகைகளை நடத்தும் விதம் அருமை. சட்டவழி அதிகாரத்துக்கு படகு கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதி டோக்கனை எடுத்துக்கொள்கிறார்கள். விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள். டோக்கன் கொடுப்பவர் மாறினாலும் விதி மாறாது. பதவி வேறு, ஆள் வேறு என்பது சட்டென்று பிடிபடுகிறது. மரபுக்குச் சேதுபதிகள், ஆளுமைக் கவர்ச்சிக்கு எம்.ஜி.ஆர். சறுக்குவது பயிற்சித்தாளில்: படகுச் சங்கத் தலைவர் எந்த வகை என்று கேட்டு ஒரே விடைக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஓட்டு வாங்கி வந்தவருக்குக் குடும்பச் செல்வாக்கும் இருக்கும், வேலைநிறுத்தத்தின்போது மேடைப் பேச்சும் கைகொடுக்கும். வெபரின் வகைகள் அளந்து பார்க்கும் கோல்கள். எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று எழுதினால்தான் அது விடை.

குறிப்பில் உள்ள பெரிய பிழை அரசு பற்றிய வரி. 'வன்முறையைத் தன் ஏகபோகமாக வைத்திருப்பது அரசு' என்று நிறுத்திவிட்டார்கள். 1919 ஜனவரி 28 அன்று மியூனிக் மாணவர்களிடம் வெபர் பேசியதில் இன்னும் மூன்று நிபந்தனைகள் உண்டு: குறிப்பிட்ட நிலப்பரப்பு, அந்த வன்முறை நியாயமானது என்ற உரிமைகோரல், அந்தக் கோரிக்கை செல்லுபடியாவது. இவற்றை விட்டால், ஆயுதத்தோடு ஓர் இரவு கரையைப் பிடித்துக்கொள்ளும் கடத்தல் கும்பலும் அரசாகிவிடும். வாங்கிய கையோடு ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அதே உரையில் வரும் கொள்கை அறம் (விளைவு எதுவானாலும் கொள்கையை விடாதது), பொறுப்பு அறம் (செயலின் விளைவுக்குப் பொறுப்பேற்பது) இரண்டையும் எதிரெதிர்க் கட்டங்களில் போட்டு, வெபர் இரண்டாவதன் பக்கம் என்று முடிக்கிறார்கள். உரையின் கடைசியில் அவர் இரண்டும் ஒன்றையொன்று நிறைவுசெய்பவை என்கிறார்.

முழுதாக விடுபட்டது ஜெர்மனி. அதிகார வர்க்கம் மந்தமானது என்பதல்ல வெபரின் கவலை. திறமையானது, ஆனால் அதை மேய்க்க அரசியல் தலைமை இல்லை என்பதே. அதனால்தான் 1917-ல், அதிகாரிகளின் ரகசியத்தை உடைக்க நாடாளுமன்றத்துக்கு விசாரணை உரிமை வேண்டும் என்று செய்தித்தாளில் எழுதினார். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைத் தொட்டுக் காட்டினால் இங்கே ஐந்து நிமிடப் பாடம். ஜெர்மனிக்கு மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவர் வேண்டும் என்று வாதிட்டவரும் அவரே. அந்தப் பதவிக்கு 1919 ஜெர்மன் அரசியலமைப்பின் 48-ஆம் பிரிவு தந்த அவசரகால அதிகாரம் 1930-க்குப் பின் நாடாளுமன்றத்தையே ஓரங்கட்டியது. அதைப் பார்க்க வெபர் இல்லை. 1920 ஜூன் 14-ல் இறந்துவிட்டார் (நம் மீன்பிடித் தடைக்காலம் முடியும் தேதி, மறக்காது). இந்தப் பகுதி இல்லாமல் வெபரை விமர்சிக்கச் சொல்லும் கேள்விக்கு எழுத ஒன்றும் இருக்காது.

நேரமும் பொருந்தவில்லை. சனிக்கிழமை போன விசைப்படகுகள் ஞாயிறு காலையில்தான் கரை சேரும். மீன் இறக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு முதல் மணி நேரம் போய்விடுகிறது. வியாழன் மாலை வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

முதல் இரண்டு அமர்வுக்கு மட்டும் 350 ரூபாய் வாங்குகிறார்கள், கேட்டால்தான் சொல்வார்கள்.