ராஸ்பெரி பை கிடைக்காவிட்டால் எது கைகொடுக்கும்?

இலங்கையின் சம்மாந்துறையில் ஒரு நெல் மில். உலர்த்தியின் சூட்டை நாலு இடத்தில் அளந்து முதலாளியின் ஃபோனுக்கு அனுப்ப வேண்டும். 2022இல் ராஸ்பெரி பை 4 (ஒரே போர்டில் அடங்கிய சின்னக் கணினி) போடலாம் என்று எழுதிக் கொடுத்தேன். போர்ட் வரவேயில்லை. "நெல்லு காத்துக்கிட்டு இரிக்குமா தம்பி?" என்றார் முதலாளி ஹாஜியார்.

அப்போது உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு. பை நிறுவனம் இருந்த சரக்கை முதலில் தொழிற்சாலைகளுக்குக் கொடுத்தது. நியாயம்தான், அதை நம்பிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாங்கள் செய்வது மில் வேலை, வாங்குவதோ பொழுதுபோக்குக்காரரைப் போல ஒன்றிரண்டு. எந்த வரிசையிலும் சேர மாட்டோம். போதாக்குறைக்கு, 200 ரூபாவில் நின்ற டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது.

பைக்குப் பதில், அதே மாதிரி இன்னொரு சின்னக் கணினியான ஒரேஞ்ச் பை? வடிவமும், சென்சர் வயர் இணைக்கும் பின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றுதான். மென்பொருளில்தான் ரா முழிப்பு. பையில் ஓடிய புரோகிராம் இதில் அப்படியே ஓடாது, பின்களுக்கான லைப்ரரியே வேறு. பொறுமை உள்ளவர்களுக்குச் சரி.

பழைய மினி பிசியில் பின்களே இல்லை, கரண்டும் கூடக் குடிக்கும். ஆனால் கல்லடியில் ஏ.எல். படிக்கிற பொடியன் லினக்ஸ் (விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்) பழகக் கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

இஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுச் சிப்பை முதலில் நான் மதிக்கவில்லை. 520 கிலோபைட் ரேம், திரை கிடையாது, லினக்ஸ் ஓடாது. கமரா பார்த்து நெல்லின் நிறம் பிரிக்கச் சொன்னால் திணறும். ஆனால் சூடு அளந்து வைஃபையில் அனுப்ப வேறென்ன வேண்டும்? ஏறி இறங்கும் வோல்டேஜை நேராக அளக்கும் அனலொக் உள்ளீடு பையில் இல்லை, இதில் இருக்கிறது (அளவு கொஞ்சம் கோணலாக வரும், திருத்த வேண்டும்). மில்லில் கரண்ட் நாளைக்கு நாலு தரம் போகும். தரவை எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பையின் எஸ்டி கார்ட் கெட்டுப்போகலாம், பிறகு யார் மோட்டார் சைக்கிளில் ஓடுவது? இதில் கார்டே இல்லை. கரண்ட் வந்த கையோடு எழும்பிவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2025 கடைசியில் மெமரி விலை ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போகின்றன. 16 ஜிபி பை 5, 120 டொலரிலிருந்து 145 ஆனது. ஒரேஞ்ச் பைக்கும் அதே மெமரிதான். இஎஸ்பி32இன் ரேம் சிப்புக்குள்ளேயே இருப்பதால் இந்த அடி அதன்மேல் நேராக விழவில்லை.

சம்மாந்துறை மில்லுக்குக் கடைசியில் இரண்டு இஎஸ்பி32 வாங்கினேன். ஒன்று தவிட்டுத் தூசிக்கு நடுவே மூடிய பெட்டிக்குள் ஓடுகிறது. மற்றது அதே புரோகிராமை ஏற்றி ஹாஜியாரின் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது.