கேம்பிரிட்ஜ் படிகத் தரவுத்தளம்: உரிமம் எப்போது தேவை, எப்போது தேவையில்லை

ஒரு மூலக்கூறின் படிகக் கட்டமைப்பு (படிகத்துக்குள் அணுக்கள் அமைந்திருக்கும் விதம்) மட்டும் போதுமென்றால் உரிமத்துக்காக அலைய வேண்டாம். கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையத்தின் (சிசிடிசி) 'ஆக்சஸ் ஸ்ட்ரக்சர்ஸ்' சேவையில் வைப்பு எண், கட்டுரையின் டிஓஐ (இணைய அடையாள எண்), ரெஃப்கோடு (தரவுத்தளத்தில் அந்தக் கட்டமைப்புக்கான குறியீடு) ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் அந்தக் கட்டமைப்பைக் கொண்ட சிஐஎஃப் கோப்பு இலவசமாகக் கிடைக்கும். அதை மையத்தின் மெர்குரி என்ற காட்சி மென்பொருளின் இலவசப் பதிப்பில் திறந்து மூலக்கூறுகளின் அடுக்கமைவைப் பார்க்கலாம். பவுடர் எக்ஸ்ஆர்டி (தூள் மாதிரியின் எக்ஸ்கதிர் விளிம்பு விலகல்) வரைபடத்தைக் கணக்கிட்டு, ஆய்வகத்தில் எடுத்ததோடு ஒப்பிடவும் முடியும். பலருக்கு இவ்வளவே போதும்.

உரிமத்துக்குக் கொடுக்கும் பணம் தேடலுக்கானது. 1965-இல் தொடங்கிய இந்தத் தரவுத்தளம் 2019-இல் பத்து லட்சம் கட்டமைப்புகளைத் தாண்டியது. கரிமச் சேர்மங்களும் உலோக-கரிமச் சேர்மங்களும் இதில் உண்டு. புரதங்களுக்குப் பிடிபி, கனிமச் சேர்மங்களுக்கு ஐசிஎஸ்டி என்று தனித்தனி தரவுத்தளங்கள் இருக்கின்றன. உரிமத்தோடு வரும் கான்குவெஸ்ட் என்ற தேடல் மென்பொருளில் ஒரு மூலக்கூறுத் துண்டை வரைந்து, தூரத்துக்கும் கோணத்துக்கும் வரம்பு வைத்து, பொருந்தும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எடுக்கலாம். இது இலவச வழியில் கிடைக்காது. பிணைப்பு வகைகளை மையம் சரிபார்த்துப் பதிந்திருப்பதால்தான் இந்தத் தேடலை நம்ப முடிகிறது. என் கணிப்பில் சந்தாவின் மதிப்பே அந்த உழைப்புதான்.

ஆனால் முதலில் வரும் பட்டியலை அப்படியே புள்ளிவிவரமாக்கக் கூடாது. ஆர்-மதிப்பு (கட்டமைப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்தவில்லை என்பதன் அளவு) 0.05-க்குள் இருக்க வேண்டும். ஒழுங்கின்மையும் (அணுக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பரவியிருப்பது) பிழையும் உள்ளவற்றை நீக்க வேண்டும். ரெஃப்கோடின் ஆறெழுத்து ஒன்றாகவே இருந்து கடைசி இரு இலக்கம் மட்டும் மாறினால், அது அதே சேர்மத்தின் இன்னொரு அளவீடு. அப்படியே விட்டால் அடிக்கடி அளக்கப்பட்ட சேர்மங்கள் சராசரியை இழுத்துவிடும். ஹைட்ரஜன் பிணைப்பை ஆராய்பவர்கள் ஹைட்ரஜனின் பிணைப்பு நீளத்தை நியூட்ரான் அளவுக்குத் திருத்தும் நார்மலைஸ் வசதியை மறக்கக் கூடாது. எக்ஸ்கதிர் எலக்ட்ரான் அடர்த்தியைத்தான் பார்க்கிறது. அதனால் ஓ–ஹெச் நீளம் 0.82 ஆங்ஸ்ட்ராம் அளவில் பதிவாகிறது, நியூட்ரான் முறையிலோ சுமார் 0.98. இதைத் திருத்தாவிட்டால் ஹைட்ரஜனிலிருந்து ஏற்பி அணுவரையான (பிணைப்பின் மறுமுனையிலுள்ள அணுவரையான) தூரம் உண்மையைவிட நீண்டதாகத் தெரியும்.

நிறுவலில் அதிகம் தடுக்குவது பல கணினிகளை இணைத்த கணினித் தொகுதிகளில்தான். உரிமத்தைச் செயல்படுத்த இணையம் தேவை; அவற்றில் கணக்கீட்டைச் செய்யும் கணினிகளுக்கோ (முனைகளுக்கோ) பெரும்பாலும் வெளித்தொடர்பு இருக்காது. தரவுத்தளத்தை நிரல்வழி அணுக உதவும் பைத்தான் ஏபிஐ அங்கே உரிமப் பிழையோடு நின்றுவிடும். நிறுவன வலையமைப்புக்குள் உரிமச் சர்வர் ஒன்றை நிறுவி, அதன் முகவரியைச் சூழல் மாறியில் கொடுப்பதே தீர்வு. பல வாரக் கணக்கீட்டைத் தொடங்கும் முன் ஆண்டு உரிமம் முடியும் நாளையும் பாருங்கள்.

இயந்திரக் கற்றலுக்காக மொத்தத் தரவையும் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை முழுதாக வாசிக்க வேண்டும். பயிற்சிக்குத் தொகுத்த தரவைக் கட்டுரையோடு வெளியிடலாமா என்பதை மையத்திடம் எழுத்தில் கேட்டுவிடுவதே பாதுகாப்பு. 2003-இல் தொடங்கிய திறந்த படிகவியல் தரவுத்தளம் (சிஓடி) யாரும் தடையின்றிப் பயன்படுத்தும் பொது உரிமையில் இருப்பதால் அங்கே அந்தக் கவலை இல்லை, முழுவதையும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பிணைப்பு வகைகள் அதே கவனத்தோடு பதியப்படாததால், துண்டு அடிப்படையிலான தேடலில் அது பின்தங்குகிறது. சந்தாவுக்கு வசதியில்லாத வளரும் நாட்டு நிறுவனங்கள் ஃபிராங்க் ஆலன் பெயரிலுள்ள மையத்தின் உதவித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

தேடல் முடிந்ததும் தரவுப் பதிப்பு எண், வினவல் கோப்பு, ரெஃப்கோடு பட்டியல் மூன்றையும் சேமித்து வையுங்கள். நிறுவனத்தை விட்டு விலகி உரிமம் போனாலும், அந்தப் பட்டியலை வைத்து ஒவ்வொரு கட்டமைப்பையும் இலவசச் சேவையில் மறுபடி எடுக்க முடியும்.