எஃப்.ஐ.வி. உள்ள நாட்டுப் பூனையைத் தத்தெடுத்தோம்: மீட்பு அமைப்பின் சேவை எப்படி இருந்தது?

2024 ஆகஸ்டில், சென்னையில் இயங்கும் ஒரு தன்னார்வ மீட்பு அமைப்பிடமிருந்து ஏறத்தாழ ஐந்து வயதுள்ள ஆண் நாட்டுப் பூனை ஒன்றைத் தத்தெடுத்தோம். சண்டையில் காது கிழிந்து, காயத்தில் புழு வைத்த நிலையில் மீன் கடை ஒன்றின் பின்புறத்திலிருந்து மீட்கப்பட்டவன். அகன்ற கன்னங்களையும் நடையையும் பார்த்து அவர்களே 'துரை' என்று பெயர் வைத்திருந்தார்கள். நோயுள்ள ஒரு பூனையை நம்மிடம் ஒப்படைப்பவர்கள் அதனோடு கொடுக்கும் தகவல் எவ்வளவு முழுமையானது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். இவர்கள் மிகச் சிறப்பாகச் செய்ததும், என்னால் எளிதில் மறக்க முடியாத தவற்றைச் செய்ததும் அந்த ஒரு விஷயத்தில்தான்.

தத்துக்குக் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. விண்ணப்பத்திற்குப் பிறகு இரண்டு தன்னார்வலர்கள் வீட்டுக்கு வந்து, பால்கனிக்கும் சமையலறை ஜன்னலுக்கும் வலை அடித்தால்தான் தருவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மூன்றாவது மாடி என்பதால் அது நியாயமான நிபந்தனை. வலை அடித்த படத்தை அனுப்பிய பிறகே, மொத்தம் மூன்று வாரம் கழித்து, அவனை ஒப்படைத்தார்கள். அவசரப்பட்டுத் தள்ளிவிடாத இந்தப் பொறுமை எனக்குப் பிடித்திருந்தது.

துரைக்கு எஃப்.ஐ.வி. இருப்பதை முதல் தொலைபேசி உரையாடலிலேயே சொல்லிவிட்டார்கள். பூனைகளின் நோய் எதிர்ப்பு ஆற்றலை மெல்ல மெல்லக் குறைக்கும் இந்த வைரஸ் 1986இல் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்டது. இது மனிதர்களுக்கோ நாய்களுக்கோ தொற்றாது. ஆழமான கடிக்காயத்தின் வழியாகவே பெரும்பாலும் பூனைக்குப் பூனை பரவுகிறது. ஆகவேதான் கருத்தடை செய்யப்படாமல் தெருவில் சண்டையிட்டுத் திரியும் ஆண் பூனைகளிடம் இது அதிகம். ஒரே கிண்ணத்தில் தின்பதால் பரவும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதையும், வீட்டுக்குள்ளேயே நன்றாகப் பார்த்துக்கொண்டால் இத்தகைய பூனைகள் பல ஆண்டுகள் வாழ்கின்றன என்பதையும் பயமுறுத்தாமல், மழுப்பாமல் எடுத்துச் சொன்னார்கள். விரைவுப் பரிசோதனை காட்டுவது வைரஸை அல்ல, அதற்கு எதிராக உடலில் உண்டான எதிர்ப்பொருளை என்பதால், அறுபது நாள் இடைவெளியில் இருமுறை சோதித்து இரண்டு முடிவுகளையும் கோப்பில் வைத்திருந்தார்கள். ரேபிஸ் தடுப்பூசி, முத்தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை எல்லாவற்றுக்கும் தேதி இருந்தது. பணம் கொடுத்துப் பூனை வாங்குபவர்களுக்குக்கூட இப்படி ஒரு கோப்பு கிடைப்பது அரிது.

ஆனால் வாயைப் பற்றி அந்தக் கோப்பில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: 'பற்களில் லேசான காரை.'

முதல் இரண்டு வாரம் துரை நன்றாகத் தின்றான். மூன்றாம் வாரத்தில், கிண்ணம் வைக்கும் ஓசை கேட்டதும் ஓடி வருவான், முகர்வான், ஒரு வாய் கடிப்பான். உடனே அலறிப் பின்வாங்கி, தன் வாயைத் தானே முன்னங்காலால் அடித்துக்கொள்வான். பிறகு கிண்ணத்தையே பார்த்தபடி எச்சில் வடிய உட்கார்ந்திருப்பான். நான் உணவு பிடிக்கவில்லை போலும் என்று நினைத்து வகை மாற்றிக்கொண்டிருந்தேன். "அவனுக்குப் பசிக்குதுப்பா, வாய்தான் விடமாட்டேங்குது" என்று என் அம்மாதான் சரியாகச் சொன்னார்.

மருத்துவர் வாயைத் திறந்து காட்டியபோது, கடைவாய்க்குப் பின்னால் தொண்டை வரை சதை பச்சைப் புண்ணாகச் சிவந்து, தொட்டாலே இரத்தம் கசிந்தது. நாள்பட்ட ஈறு, வாய்ச் சதை அழற்சி என்றார். வீக்கமும் வலியும் குறைய மெலாக்ஸிகாம் கொடுக்க எண்ணியவர், அதற்கு முன், அழற்சியைத் தற்காலிகமாக அடக்கிவைக்கும் ஸ்டீராய்டு ஊசி ஏதேனும் போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டார். கோப்பைப் புரட்டிப் பார்த்து, இல்லை என்றேன். அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. இரண்டு வாரம் நன்றாகத் தின்றுவிட்டுத் திடீரென்று நின்றது ஊசியின் வேகம் இறங்கியது போல இருக்கிறது, எதற்கும் ஒருமுறை கேட்டுவிடுங்கள் என்றார். துரையைத் தற்காலிகமாகத் தன் வீட்டில் வைத்திருந்த தன்னார்வலரை அழைத்தேன். நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி இருமுறை போட்டதாகவும், இரண்டாவது ஊசி ஒப்படைப்பதற்கு எட்டு நாள் முன்பு என்றும் அவர் உடனே சொன்னார். அவர் மறைக்கவில்லை. அந்தச் செய்தி அவர்களுக்குள்ளான வாட்ஸ்அப் குழுவில் இருந்தது. கோப்புக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரியது என்பதை மருத்துவர் விளக்கிய பிறகே உணர்ந்தேன். ஸ்டீராய்டின் வேகம் உடலில் இருக்கும்போது மெலாக்ஸிகாம் வகை மருந்தைக் கொடுத்தால் வயிற்றிலும் குடலிலும் புண் உண்டாகலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். அவர் வேறு வகை வலி மருந்து கொடுத்து அனுப்பினார். அன்று அவர் இரண்டாம் முறை கேட்காமல் இருந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னைக் கலங்க வைக்கிறது.

இந்த நோய்க்குப் பெரும்பாலான பூனைகளிடம் பலன் தரும் வழி பற்களை எடுத்துவிடுவதுதான். பூனையின் முப்பது பற்களில் கோரைப் பற்களையும் முன்பற்களையும் விட்டுவிட்டு, கடைவாய்ப் பகுதியிலுள்ள பதினான்கையும் எடுத்தார்கள். வேர்த்துண்டு எதுவும் ஈறுக்குள் தங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பல் எக்ஸ்ரே எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனையாகத் தேடிப் போக வேண்டியிருந்தது. இரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆயிற்று. நான் கேட்காமலேயே மீட்பு அமைப்பு 9,000 ரூபாய் திரட்டித் தந்தது. அதைவிட, அறுவை முடிந்த இரவு ஒரு தன்னார்வலர் வீட்டுக்கே வந்து, வேகவைத்த கோழியை வெந்நீர் விட்டுக் கூழாக அரைத்து, ஊசியில்லா சிரிஞ்சால் கன்னத்தின் ஓரமாகச் சிறிது சிறிதாக ஊட்டக் கற்றுக்கொடுத்தார். தவறு செய்தவர்கள் விலகிப் போகாமல் கூடவே நின்றார்கள் என்பதை இங்கே பதிவு செய்வது என் கடமை.

3.1 கிலோவாக இருந்த துரை இப்போது 4.2 கிலோ. கடைவாய்ப் பல் இல்லாமலேயே உலர் உணவையும் விழுங்கிவிடுகிறான். ஆறு மாதத்திற்கு ஒருமுறை எடையும் இரத்தமும் வாயும் பார்க்க வேண்டும். பச்சை இறைச்சி கூடாது. வெளியே விடக் கூடாது. தனியார் கட்டணம் கட்டுப்படியாகாதவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

இந்த அமைப்பிடமிருந்து மீண்டும் தத்தெடுப்பேனா என்றால், எடுப்பேன். ஆனால் ஒப்படைக்கும் நாளில், பூனையைப் பராமரித்தவரை நேரில் அமர்த்தி, எந்த மருந்து, எந்தத் தேதியில், எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கிய பிறகுதான் கையெழுத்திடுவேன். நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். கோப்பில் மருந்துகளுக்கென்று தனிப் பக்கம் சேர்க்கும்படி அவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். துரையின் கோப்பில் அந்த இரண்டு ஊசிகளின் தேதிகளையும் நானே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.